அறுந்தே தீர வேண்டிய முடிச்சு

அடியில் கிடக்கும் மீனுக்கு ஈயம் இறக்கித் தூண்டில் போடுகிறவர்கள் நடுவே ஒரு கொள்கை வேரூன்றிக் கிடக்கிறது. முடிச்சு எவ்வளவு தாங்குகிறதோ அதுவே தூண்டில் கட்டின் தரம் என்பது அந்தக் கொள்கை. இது நூறு சதவீத முடிச்சு, அது தொண்ணூற்றைந்து, எண்பதுக்குக் கீழே போனால் தொடாதே என்று மதிப்பெண் பட்டியலே வைத்திருக்கிறார்கள். சென்னையிலும் தூத்துக்குடியிலும் ராமேஸ்வரத்திலும் விடுமுறை நாளில் ராட் தூக்கிக்கொண்டு கிளம்பும் இளைஞர்களில் பலருக்கு மீனின் பழக்கத்தைவிட இந்தப் பட்டியல்தான் நன்றாகத் தெரியும். ஈயத்துக்கு அதே முடிச்சு, முள்ளுக்கு அதே முடிச்சு, சுழலும் இணைப்பான சுவிவலுக்கும் அதே முடிச்சு. எங்கே தொட்டாலும் அதிகபட்ச வலிமை. இப்படிக் கட்டிய தூண்டிலைக் கடலடிப் பாறைத்திட்டான பாரின் மேல் இறக்குவது மடமை என்பது என் கட்சி.

எதிர்க்கட்சியின் வாதத்தை அதற்குரிய மரியாதையோடு சொல்லிவிடுகிறேன். நேராக இழுபடும் நரம்பு தன் முழு வலிமையையும் காட்டும். முடிச்சுக்குள் அது வளைகிறது. வளைவின் வெளிப்பக்கம் நீள்கிறது, உள்பக்கம் நசுங்குகிறது, ஒன்றன்மேல் ஒன்று உராய்கிறது. அதனால் முடிச்சுக்குள் நுழையும் இடத்தில்தான் நரம்பு பெரும்பாலும் அறும். விளையாட்டாகப் போட்ட ஒற்றை முடிச்சு ஒன்றே நரம்பின் வலிமையில் ஏறக்குறைய பாதியைத் தின்றுவிடும். ஆகவே மொத்தக் கட்டும் அதன் பலவீனமான முடிச்சு தாங்குகிற அளவுக்குத்தான் தாங்கும். ஆகவே ஒவ்வொரு முடிச்சையும் முடிந்தவரை வலுவாக்கு.

முதல் ‘ஆகவே’ சரி. இரண்டாவது ‘ஆகவே’ எங்கிருந்து வந்தது? ஒரு கட்டில் பலவீனமான இடம் ஒன்று இருந்தே தீரும் என்பதுதான் நிரூபணமானது. அந்த இடம் எது என்று நாம் தீர்மானிக்கலாமா, தற்செயலுக்கு விட்டுவிடலாமா என்ற கேள்வியை அந்த வாதம் தொடவே இல்லை.

1. மீன் எப்போது உங்கள் முடிச்சைச் சோதித்தது? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ரீலில் 20 கிலோ நரம்பு. டிராக்கை நரம்பின் வலிமையில் நாலில் ஒரு பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே வைக்க வேண்டும் என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட பழக்கம். அதாவது 5 முதல் ஏறக்குறைய 6.7 கிலோ. அதற்கு மேல் மீன் இழுத்தால் ஸ்பூல் சுழன்று நரம்பை விட்டுக்கொடுக்கும். இப்போது 70 சதவீதம் தாங்கும் ‘மட்டமான’ முடிச்சு 14 கிலோ தாங்குகிறது. 95 சதவீத ‘உயர்ந்த’ முடிச்சு 19 கிலோ தாங்குகிறது. ஆறு கிலோவில் ஸ்பூல் சுழல்கிறபோது 14-க்கும் 19-க்கும் மீனைப் பொறுத்தவரை என்ன வேறுபாடு?

‘கலவாவுக்கு டிராக்கை முழுசா இறுக்கிடுவோம், விட்டா பொந்துக்குள்ள போயிடும்’ என்பார்கள். நியாயம்தான். கலவா முள்ளை வாங்கியதும் நேரே பாறைப் பொந்துக்குத்தான் திரும்பும், முதல் இரண்டு மூன்று மீட்டரில் நிறுத்தாவிட்டால் கதை முடிந்தது. ஆனால் அப்போதும் எல்லை வைப்பது முடிச்சல்ல, உங்கள் தோள். ராட் ஒரு நெம்புகோல், அது மீனின் பக்கம் நிற்கிறது. கிடைமட்டமாக நீட்டிய ராட்டில், மேல்கையிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நுனியில் பத்துக் கிலோ தொங்கினால், அரை மீட்டர் இடைவெளியில் பிடித்திருக்கும் இரண்டு கைகளில் மேலே இருப்பது ஐம்பது கிலோவைத் தூக்க வேண்டும், கீழே இருப்பது நாற்பது கிலோவை அமுக்க வேண்டும். படகின் விளிம்பில் நின்றுகொண்டு எத்தனை விநாடி தாங்குவீர்கள்? கைத்தூண்டிலில் இன்னும் தெளிவு: அங்கே விரல்தான் டிராக், நரம்பு சதையை அறுப்பதற்குள் எந்த மனிதனும் விட்டுவிடுவான்.

திடீர்ச் சுண்டலைப் பற்றியும் கேட்பார்கள். சுண்டலைத் தின்பது நரம்பின் நீளும் தன்மை. நைலான் நரம்பு அறும் முன் நன்றாக நீளும், பின்னல் நரம்பான பிரெய்டு மூன்று நான்கு சதவீதத்துக்கு மேல் நீளாது. பிரெய்டின் நுனியில் சில மீட்டர் நைலான் லீடர் கட்டுவது அதற்குத்தான். சுண்டலுக்கு மருந்து லீடரில் இருக்கிறது, முடிச்சின் மதிப்பெண்ணில் இல்லை.

அப்படியானால் 14 கிலோவுக்கு மேல் உங்கள் முடிச்சை இழுத்துப் பார்ப்பது யார்? கல். கல் மட்டும்தான். அந்த உயர்ந்த முடிச்சு தன் உயர்வைக் காட்ட வாய்ப்புக் கிடைக்கும் ஒரே தருணம், ஈயமோ முள்ளோ பாரில் மாட்டி, நீங்கள் அதை அறுக்க விரும்பும் தருணம்.

2. அந்தச் சதவீதம் எதன் சதவீதம்? கடையில் விற்கும் சாதாரண நரம்பு பெரும்பாலும் உறையில் போட்ட எண்ணுக்கு மேலேதான் அறும். வாங்கியவன் குறை சொல்லக்கூடாதே என்று கூட வைத்துச் செய்கிறார்கள். சாதனைப் பதிவுக்காக நரம்பை எடைவாரியாகப் பிரிக்கும் பன்னாட்டு விளையாட்டு மீன்பிடிச் சங்கம் 1939-இல் தொடங்கப்பட்டது. அதன் பிரிவுகளுக்கென்றே விற்கப்படும் நரம்பு வேறு வகை. அது எழுதிய எண்ணுக்குள்ளேயே அறுமாறு செய்யப்படுவது. சாதாரண நரம்புக்கு வருவோம். உறையில் 10 கிலோ, உண்மையில் அறுவது 13 கிலோவில் என்று வையுங்கள். அதில் 77 சதவீத முடிச்சு ஒன்றைப் போட்டு இழுத்தால் பத்துக் கிலோவில் அறும். உறையைப் பார்த்துக் கணக்கிடுகிறவர் ‘நூறு சதவீத முடிச்சு!’ என்று அறிவித்துவிடுவார். பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் பிறக்கும் பொய் இது.

இன்னொன்று, நைலான் தண்ணீர் குடிக்கும். ஊறிய நைலானின் வலிமை பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைகிறது. மேசைமேல் காய்ந்த நரம்பில் எடுத்த எண்ணை, இரண்டு மணி நேரம் கடலில் கிடந்த நரம்புக்குச் சொல்ல முடியாது. கட்டிய கையும் ஒரே கை அல்ல. எச்சில் தொட்டு மெல்ல இறுக்கிய முடிச்சும் காய்ந்தபடி வெடுக்கென்று இழுத்த முடிச்சும் படத்தில் ஒன்று, இழுவையில் இரண்டு. பின்னதில் உராய்ந்த சூட்டிலேயே நரம்பு வெந்து சுருண்டிருக்கும். வெளிறிப் போன அந்தச் சுருளைக் கண்ணால் பார்க்கலாம்.

3. எந்த நரம்பில்? பட்டியல் போடுகிறவர்கள் இதைக் கேட்பதே அரிது. முடிச்சு நிற்பது உராய்வினால். சுற்றுகளுக்கும் பிடிப்புக்கும் உள்ள உறவை ஆய்லர் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்துவிட்டார்: சுற்று கூடக் கூடப் பிடிப்பு பெருக்கல் கணக்கில் ஏறும். அதே கணக்கின் மறுபக்கம் கொடியது. ஒரு வழுக்காத நரம்பில் சில சுற்றுகள் பிடிப்பை 36 மடங்கு ஆக்குகின்றன என்று கொள்வோம். அதே சுற்றுகளை, உராய்வு பாதியாக உள்ள வழுக்கு நரம்பில் போட்டால் 18 மடங்கு வராது, ஆறு மடங்குதான் வரும். வர்க்கமூலம். பிரெய்டு என்று நாம் வாங்குவது நுண்ணிய பாலித்தீன் இழைகளின் பின்னல், வழுக்குவதில் பேர்போனது. நைலானில் ஆயுள் முழுக்க நின்ற கிளிஞ்ச் முடிச்சு பிரெய்டில் அறுவதில்லை, நழுவி அவிழ்கிறது. அதன் நுனி பன்றிவால் போலச் சுருண்டு வந்தால் நழுவியது என்று பொருள். அந்தப் பாலித்தீன் 150 டிகிரிக்குள் உருகும், நைலானுக்கு 200-க்கு மேல் வேண்டும். ஆகவே நழுவும்போது சூட்டில் கெடுவதும் பிரெய்டுதான் முதலில். முடிச்சின் பெயரை மட்டும் சொல்லி அதற்கொரு சதவீதம் சொல்வது, பொருளையும் தடிமனையும் சுற்று எண்ணிக்கையையும் மறைத்துவிட்டுப் பேசுவது.

4. இனி உள்ளபடியே முக்கியமான இடத்துக்கு வருவோம். அடித்தூண்டில் என்பது மாட்டும் தூண்டில். மிதவையில் மீன் பிடிக்கிறவனுக்கு மாட்டுவது விபத்து, பாரில் ஈயம் இறக்குகிறவனுக்கு அது அன்றாடம். விளமீனும் கலவாவும் மணலின் நடுவே நின்று நமக்காகக் காத்திருப்பதில்லை. கல்லும் பொந்தும் சிப்பி ஒட்டிய விளிம்பும் எங்கேயோ அங்கேதான் அவை. மீன் இருக்கிற இடத்துக்குப் போகும் ஈயம் ஒரு நாள் திரும்பாது. அந்த நாளில் என்ன இழப்போம் என்பதைக் கரையிலேயே தீர்மானித்துக் கட்டுவதுதான் கட்டு.

எல்லா முடிச்சும் சமமாக வலுவான கட்டு மாட்டினால் எங்கே அறும்? யாருக்கும் தெரியாது. சிப்பி உரசிய இடத்தில் அறலாம். பிரெய்டும் லீடரும் சேரும் இடத்தில் அறலாம். ரீலுக்கு அருகில், வெயிலில் கிடந்து நைந்த இடத்தில் அறலாம். எங்கே அறுந்தாலும் ஈயம், இரண்டு முள், சுவிவல், லீடர் எல்லாம் ஒரே அடியில் போய்விடும். கூடவே பல மீட்டர் பிரெய்டும் போகும். பாலித்தீன் தண்ணீரைவிட லேசு. அடர்த்தி 0.97. அடியில் மாட்டிக்கொண்ட பிரெய்டு படுக்காது, நின்றுகொண்டே நீரோட்டத்தில் ஆடும், அடுத்த தூண்டிலையும் அடுத்த படகின் புரொப்பல்லரையும் பிடிக்கும். நைலான் 1.14. அது மூழ்கிப் பவளத்தின்மேல் விழுந்து, அலை அசைக்கும்போதெல்லாம் அதன் உயிர்த்தோலைத் தேய்க்கும். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிய கடலை 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். எல்லைக்குள் தூண்டில் போடவே கூடாது. ஆனால் பவளம் எல்லைக்கோட்டைப் பார்த்து வளர்வதில்லை. வெளியே நாம் போடும் பார்களிலும் அது உண்டு.

மாற்றுக் கட்டு மிக எளிது. ஈயம் கீழே, அதற்கு மேல் பக்கவாட்டில் கிளை நரம்பில் முள் என்ற வழக்கமான அமைப்பையே எடுத்துக்கொள்வோம். பிரெய்டு 20 கிலோ. லீடர் 18. முள்ளுக்குப் போகும் கிளை 13. ஈயத்துக்குப் போகும் நரம்பு மட்டும் நாலோ ஐந்தோ கிலோ. ஈயம் மாட்டினால் ஈயம் மட்டும் போகும். முள் மாட்டினால் கிளை மட்டும் போகும், இல்லையேல் முள் நிமிர்ந்து வெளியே வரும். பிரெய்டு ஒருபோதும் போகாது. பிரிட்டனில் கரடுமுரடான பாறைக்கரைகளில் மீன் பிடிக்கிறவர்கள் இதை வழக்கமாகவே செய்கிறார்கள், ‘ராட்டன் பாட்டம்’ என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். ஈயத்துக்குப் பதில் கல்லையோ துருப்பிடித்த நட்டையோ கட்டி இறக்கும் கைத்தூண்டில்காரரும் இதே கணக்கைத்தான் போடுகிறார்: கீழே போவது திரும்பாவிட்டால் பரவாயில்லை.

பட்டியல்காரர்கள் கேவலமாகப் பார்க்கும் அந்த ஒற்றை முடிச்சுக்கு இங்கே வேலை உண்டு. மெல்லிய நரம்பு கையில் இல்லையா? பத்துக் கிலோ நரம்பின் மிச்சத்துண்டை எடுத்து, நடுவில் ஓர் ஒற்றை முடிச்சைப் போட்டு இறுக்கி, அதில் ஈயத்தைக் கட்டுங்கள். பாதிக்கு அருகில் அறும். எத்தனை கிலோவில் என்று சந்தேகம் இருந்தால் வீட்டு வாளியில் தண்ணீர் நிரப்பித் தொங்கவிட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ, இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். மட்டமான முடிச்சு என்று ஒன்று கிடையாது. இடம் தவறிய முடிச்சுதான் உண்டு.

மாட்டியதை இழுக்கும் கையையும் நினைக்க வேண்டும். 20 கிலோ பிரெய்டை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு இழுக்கிறவர்களை எந்தப் படகிலும் பார்க்கலாம். படகு அலையில் ஒருமுறை எழுந்தால் போதும், பிரெய்டு எலும்புவரை இறங்கும். நைலான் லீடர் நீண்டு நின்று திடீரென விடுபட்டால் ஈயம் முகத்தை நோக்கி வரும். ஐந்து கிலோவில் அறும் நரம்புக்கு இந்தச் சாகசம் எதுவும் தேவையில்லை.

5. அலையில் ஆடும் படகில், இருட்டில், கணவாய்ச் சளி பிடித்த விரல்களால் எந்த முடிச்சைப் போடுவீர்கள்? பிரெய்டையும் லீடரையும் இணைக்கும் எஃப்ஜி அழகான முடிச்சுதான், மறுக்கவில்லை. இருபது சுற்றை மாறி மாறி இழுவிசையில் வைத்துக்கொண்டே பின்ன வேண்டும். அதன் பெருமை மெலிவில் இருக்கிறது. வீசும்போது ராட்டின் வளையங்களுக்குள் தடங்கலின்றி நழுவிச் செல்லும். படகிலிருந்து நேரே கீழே இறக்குகிறவர் எதை வீசப் போகிறார்? ஒன்றரை மீட்டர் லீடர் வளையத்துக்குள் நுழையப் போவதே இல்லை. அங்கே ஒரு சுவிவலும் இரண்டு யூனி முடிச்சும் போதும்.

இதன் விளைவுதான் கவனிக்க வேண்டியது. கட்ட ஐந்து நிமிடம் ஆகும் முடிச்சை யாரும் திரும்பக் கட்டமாட்டார்கள். கல்லில் உரசிச் சொரசொரத்துப் போன லீடரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ‘இன்னும் ரெண்டு தடவ தாங்கும்’ என்று திரும்ப இறக்குவார்கள். அரை நிமிடத்தில் கட்டும் முடிச்சுக்காரன் ஒவ்வொரு மாட்டலுக்குப் பிறகும் கெட்ட துண்டை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகக் கட்டுவான். உரசிய நரம்பில் போட்ட நூறு சதவீத முடிச்சைவிட, புது நரம்பில் போட்ட எண்பது சதவீத முடிச்சு வலுவானது.

6. முள்ளில் கட்டுவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காதில்லாத தட்டைத்தலை முள்ளில் தண்டைச் சுற்றிக் கட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை. அதைப் பழைய ஆட்களின் வேலை என்று ஏளனம் செய்கிறார்கள். ஆனால் தண்டைச் சுற்றிய கட்டில் இழுவை தண்டின் நேர்க்கோட்டில் விழுகிறது, முள் கோணிக்கொண்டு தொங்குவதில்லை. பட்டியலில் இழுவையின் திசைக்கு மதிப்பெண் கிடையாது. கிளை நரம்பு விறைப்பாக இருக்கிறதா, ஒரு கிளை அடுத்த கிளையை எட்டிச் சுற்றிக்கொள்ளாதபடி இடைவெளி விட்டிருக்கிறதா என்பதற்கும் மதிப்பெண் கிடையாது. இரண்டு முள்ளும் பின்னிக்கொண்டு உருண்டையாக அடியில் கிடக்கும் தூண்டிலை எந்தச் சங்கரா மீனும் தேடி வராது, முடிச்சு எத்தனை சதவீதமாக இருந்தால் என்ன.

ஓரிடத்தில் எதிர்க்கட்சி முழுக்கச் சரி. கரையிலிருந்து ராட்டை வளைத்து வீசுகிறவருக்கு அடி விழுவது மீனால் அல்ல, வீச்சால். ஈயத்தின் ஒவ்வோர் அவுன்சுக்கும், அதாவது ஏறக்குறைய 28 கிராமுக்கு, பத்து பவுண்டு தாங்கும் முன்நரம்பு வேண்டும் என்பது கரைத்தூண்டில்காரரின் பழைய கணக்கு. 140 கிராம் ஈயத்துக்கு அது 22, 23 கிலோ. வீச்சின் நடுவே அந்த முன்நரம்பின் முடிச்சு அறுந்தால் ஈயம் கூட்டத்துக்குள் பறக்கும், உயிரையே வாங்கும். ஆள் நடமாடும் கடற்கரையில் அந்த ஒரு முடிச்சுக்கு எவ்வளவு நேரம் செலவழித்தாலும் தகும். மெல்லிய ஈய நரம்பை அங்கே நேரடியாகக் கட்டவும் கூடாது. வீசும்போது எடையை லீடரே சுமந்து, தண்ணீரில் விழுந்ததும் ஈயத்தை மெல்லிய நரம்புக்குக் கைமாற்றிவிடும் கொக்கிகள் இருக்கின்றன, அவற்றைப் போட வேண்டும். படகிலிருந்து இறக்குகிறவருக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. ஆனால் கரைக்காரரின் பயத்தைக் கடன் வாங்கிப் படகிலும் கட்டிக்கொண்டிருக்கிறார்.

கடைசியாக எல்லோரும் கேட்பது: ‘சரி, பெரிய மீன் வந்தா? அஞ்சு கிலோ நரம்ப வெச்சு என்ன பண்றது?’ கட்டை ஒருமுறை உற்றுப் பார்த்தால் இந்தக் கேள்வி எழாது. மீன் கடிப்பது கிளை நரம்பின் முள்ளை. அதன் இழுவை கிளை வழியாக லீடருக்கும், லீடர் வழியாகப் பிரெய்டுக்கும் மேலே போகிறது. ஈய நரம்பு அந்த வழியிலேயே இல்லை, கீழே தனியாகத் தொங்குகிறது. அது சுமப்பது ஈயத்தை மட்டும். பத்துக் கிலோ கலவா மாட்டிக்கொண்டு பொந்தை நோக்கித் திரும்புகிறது, பின்னால் இழுபட்டுப் போகும் ஈயம் இரண்டு கல்லுக்கு நடுவே இறுகிவிடுகிறது என்று வையுங்கள். வலுவாகக் கட்டியவரின் தூண்டிலில் இப்போது மீனும் கல்லும் ஒரே நரம்பில் பூட்டிக் கிடக்கின்றன. அவர் இழுப்பதெல்லாம் கல்லுக்குப் போகிறது, மீன் முள்ளை உதறிக்கொள்ள வேண்டிய நேரம் அதற்குக் கிடைக்கிறது. மெல்லிய நரம்பில் ஈயம் கட்டியவர் ராட்டை ஒருமுறை அழுத்தித் தூக்குகிறார். கீழே ஈயம் அறுகிறது. மீன் மேலே வருகிறது.